தோட்டத்துப் பள்ளியிலிருந்து தரம் 6க்கு: பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். நானும் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில்) பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, ஆறாம் வகுப்புக்கு டவுனுக்கு இறங்கியவன்தான். புது வருடம் தொடங்கினால் போதும், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில், சந்தையில் மரக்கறி வாங்கும்போதுகூட யாராவது பிடித்து நிறுத்தி "சேர், ஒரு விசயம் கேக்கணும்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆள்தான் வேறு. அதனால் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன்.

ஐந்தாம் வகுப்பு வரை முதலாம், இரண்டாம் பிள்ளையாக வந்தவன், ஆறில் முதல் தவணையிலேயே இருபத்தெட்டாவது. என்ன ஆச்சு இவனுக்கு?

அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. தோட்டத்துப் பள்ளியில் அவன் வகுப்பில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். இங்கே நாற்பது பேர், அதில் பாதிப் பேர் அவரவர் பள்ளியில் முதலாம் பிள்ளையாக இருந்தவர்கள். எல்லாரும் ஒரே வகுப்பில் முதலாவதாக வர முடியாது, இல்லையா? ஆகவே இடத்தைப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள்.

அடுத்தது இதைவிடப் பெரிய விசயம். ஐந்து வரை ஒரே டீச்சர். காலை மணி அடித்ததிலிருந்து வீட்டுக்கு விடும்வரை அவர்தான் தமிழ், அவர்தான் கணிதம், பிள்ளை சாப்பிட்டதா என்று பார்ப்பதும் அவர்தான். ஆறில் பாடத்துக்குப் பாடம் ஆள் மாறும். தமிழ், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், வரலாறு, புவியியல், சமயம், சிங்களம், சுகாதாரம், சித்திரம் அல்லது சங்கீதம் என்று பத்துக்கும் மேலே பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி, ஒவ்வொருவருக்கும் ஒரு விதமான பேச்சு, ஒருவர் கரும்பலகையில் எழுதுவார், ஒருவர் வாயால் சொல்லி எழுதச் சொல்வார், இன்னொருவர் எழுதவே சொல்லாமல் கதை மாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பதினொரு வயதுப் பிள்ளை இதற்குப் பழக ஒரு தவணை எடுக்கும், சிலருக்கு இரண்டு. அந்த நேரத்தில் "நீ முன்னே மாதிரி இல்லை" என்று வீட்டில் இருக்கிறவர்களும் சொல்ல ஆரம்பித்தால் அவன் அதை நம்பிவிடுவான்.

எப்போது கவலைப்பட வேண்டும்? இரண்டாம் தவணையிலும் எல்லாப் பாடத்திலும் கீழே போய்க்கொண்டிருந்தால். அல்லது ஒரே ஒரு பாடம் மட்டும் அதலபாதாளத்துக்குப் போனால். எல்லாம் குறைவது பழக்கப் பிரச்சினை. ஒன்று மட்டும் குறைவது அந்தப் பாடத்தில் எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். என் அனுபவத்தில் கணிதத்தில் அது பின்னம், இல்லாவிட்டால் வாய்பாடு. ஆறாம் வகுப்பில் அட்சரகணிதம் புரியவில்லை என்று அழும் பிள்ளையிடம் ஏழும் எட்டும் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். அங்கேயே நின்றுவிடும்.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி வரவில்லை. பெரிய பள்ளிக்குப் போக முடியவில்லை. இனி அவ்வளவுதானா?

இல்லை. ஒரு காலைநேரப் பரீட்சை அது, பத்து வயதில். ஓ.எல். (பதினோராம் வகுப்போடு வரும் சாதாரண தரப் பரீட்சை) எழுதும்போது பிள்ளை புலமைப்பரிசிலில் எத்தனை எடுத்தது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை. எனக்கும் வெட்டுப்புள்ளி வரவில்லை, எங்கள் வீட்டில் அன்று சோறு ஆக்கவில்லை, ஏதோ சாவு வீடு மாதிரி. இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. சித்தி அடைந்த பிள்ளைகளின் பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன்: அந்தச் சித்தியை வைத்துக்கொண்டு ஏழு, எட்டு, ஒன்பது என மூன்று வருடம் தூங்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நாங்கள் ரெண்டு பேரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. பாடம் எங்களுக்கே புரியாது. நாங்கள் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

நம் பெற்றோர் ஐந்து வரைக்கும் பிள்ளையோடு கூடவே நடப்பார்கள். புலமைப்பரிசில் வகுப்பு, மாதிரி வினாத்தாள், கோயிலில் அர்ச்சனை எல்லாம் நடக்கும். ஆறுக்கு வந்ததும் கையை விட்டுவிடுவார்கள். "இனி அவன் பாடு, சேர்மார் பாடு" என்று. தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் எடுத்ததே 1970களில்தான், அதற்கு முன்னால் படித்த தாத்தா பாட்டிகளுக்கு ஒரே மண்டபத்தில் ஒரே வாத்தியார்தான் கல்வி. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் சொல்லிக்கொடுப்பது வேறு, கவனிப்பது வேறு. கவனிக்க ஐந்தாம் வகுப்பு ரொம்பவே போதும்.

இப்படிச் செய்யுங்கள். இரவு சாப்பாட்டுக்கு முன்னால் பையைத் திறந்து இரண்டு கொப்பியை எடுங்கள், ஏதாவது இரண்டு. கடைசியாக எழுதிய பக்கத்தில் திகதி என்ன என்று பாருங்கள். இன்றைக்கோ நேற்றைக்கோ என்றால் நல்லது. மூன்று வாரத்துக்கு முந்திய திகதி என்றால், ஒன்று அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் வருவதில்லை, அல்லது பிள்ளை எழுதுவதில்லை. இரண்டில் எது என்று கேளுங்கள். அப்புறம் சிவப்பு மையில் ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, பக்கம் பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்ற பக்கம்தான் முக்கியம். அங்கேதான் மணி அடித்திருக்கும், அல்லது பிள்ளைக்குப் புரியாமல் போயிருக்கும். "இது என்ன, எனக்கு விளக்கு" என்று கேளுங்கள். உங்களுக்குப் புரிகிறதா என்பது பிரச்சினையே இல்லை. அவன் திக்காமல் சொல்கிறானா என்று பார்த்தால் போதும்.

ஐந்து நிமிட வேலை. எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாகூடச் செய்யலாம், திகதி என்பது எண்தானே.

இன்னொன்று. "எனக்குக் கணக்குத் தெரியாது சேர்" என்று ஒரு அம்மா சொன்னார். சரி, இந்த மாதம் எத்தனை பேர் (ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர்) விழுந்தது என்று கேட்டேன். சொன்னார். கூட எடுத்த கொழுந்து எத்தனை கிலோ? கண்ணை இமைக்காமல் சொன்னார். நிறுக்கும் இடத்தில் சாக்குக்கும் தண்ணிக்கும் எவ்வளவு கழித்தார்கள், அதில் ஒரு நாள் ஒரு கிலோ கூடக் கழித்ததற்குக் கணக்கப்பிள்ளையோடு எப்படிச் சண்டை போட்டார் என்பது வரைக்கும் சொன்னார். இவருக்கா கணக்குத் தெரியாது? உங்கள் சம்பளத் துண்டைப் பிள்ளை கையில் கொடுங்கள். அதில் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) என்று ஒரு வெட்டு இருக்கும், தொழிலாளியின் பங்கு 8 சதவீதம். இருபதாயிரம் ரூபாய்க்கு 8 சதவீதம் எவ்வளவு? ஆயிரத்து அறுநூறு. துண்டில் இருக்கிற தொகைக்குப் போட்டுப் பார்த்துச் சரியா என்று சொல்லச் சொல்லுங்கள். தோட்டம் தன் பங்குக்கு 12 சதவீதம் போட வேண்டும், அதையும் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். சதவீதம் என்ற பாடத்தை இதைவிட நன்றாக நான் வகுப்பில் படிப்பித்ததில்லை. உங்களுக்கும் உங்கள் காசு சரியா என்று தெரிந்த மாதிரி இருக்கும்.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர் போகிறது. வரத்தான் வேண்டுமா?

வாருங்கள் என்றுதான் சொல்வேன், ஆனால் ஒரு நாள் சம்பளம் என்பது உங்களுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதனால் இப்படி: வருடத்தில் முதல் கூட்டத்துக்கு எப்படியாவது வாருங்கள். வகுப்பாசிரியரின் முகத்தைப் பார்த்து, போன் நம்பரை வாங்கி, உங்கள் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். மற்றக் கூட்டங்களுக்கு அப்பா ஒரு தடவை, அம்மா ஒரு தடவை, முடியாவிட்டால் சித்தப்பா, படித்த அக்கா, யாராவது. யாருமே வர முடியாத நாளில் வகுப்பாசிரியருக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போடுங்கள். "டீச்சர், நான் இன்னாருடைய அம்மா, இன்னைக்கு வேலைக்குப் போகணும், பிள்ளையைப் பத்தி ஏதும் இருந்தா சொல்லுங்க." அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளில் எந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ஆசிரியர்களும் மனிதர்கள்தான், ஆள் கேட்கிற பிள்ளை மேல் கண் கொஞ்சம் கூடத்தான் போகும். அது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை. ஆனால் நடப்பது அதுதான்.

(கூட்டங்களை வேலை நாளில் காலை பத்து மணிக்கு வைக்கும் வழக்கத்தைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்று நாங்கள் சிலர் சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.)

பக்கத்துப் பள்ளியிலேயே விடலாமா, டவுன் பள்ளிக்கு அனுப்பலாமா?

முதலில் பக்கத்துப் பள்ளி எதுவரை இருக்கிறது என்று பாருங்கள். நம் பக்கத்தில் பல பள்ளிகள் ஐந்தோடும் எட்டோடும் முடிகின்றன. சில ஓ.எல். வரை. ஏ.எல். (ஓ.எல்.லுக்குப் பிறகு வரும் உயர்தரம்) இருந்தாலும் 1சி வகைப் பாடசாலை என்றால் கலையும் வர்த்தகமும்தான், விஞ்ஞானமும் கணிதமும் படிக்க 1ஏபி பாடசாலை வேண்டும். ஆக, எட்டோடு முடிகிற பள்ளியில் விட்டால் மூன்று வருடத்தில் திரும்பவும் ஒரு மாற்றம் வரும். அது பரவாயில்லை என்றால் விடலாம்.

இரண்டாவது, பயணம். டயகமவிலிருந்து, மஸ்கெலியாவின் உள் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வருவதென்றால் பிள்ளை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். மேற்பிரிவிலிருந்து ரோட்டுக்கு இறங்கவே அரை மணித்தியாலம். ஏழரைக்குப் பள்ளி, ஒன்றரைக்கு விட்டாலும் பஸ் பிடித்து வீடு சேர மூன்று, மூன்றரை. ஜூன், ஜூலை மழையில் மண் சரிந்தால் ஐந்து. இதைப் பிள்ளையின் உடம்பு தாங்குமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். கணித, விஞ்ஞான ஆசிரியர் ஒழுங்காக இருக்கிற சின்னப் பள்ளி பக்கத்தில் இருந்தால், பேருக்காகப் பெரிய பள்ளிக்கு அனுப்பி பிள்ளையை பஸ்ஸில் தூங்க வைக்காதீர்கள். ஆசிரியரே இல்லாவிட்டால் அனுப்பத்தான் வேண்டும்.

பஸ்ஸுக்கு சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள், பள்ளியில் கையெழுத்து வாங்கி டிப்போவில் கொடுத்தால் ஆயிற்று. சீசன் எடுத்தால் அரசாங்க பஸ்ஸில்தான் போகலாம் என்பதை மறக்காதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான சிசு சரிய பஸ் உங்கள் ரோட்டில் ஓடுகிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள்.

காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போகிறாள், பசிக்கவில்லை என்கிறாள்.

ஐந்தரை மணிக்கு யாருக்குத்தான் பசிக்கும். வெறும் பிளேன்டீயோடு அனுப்பாதீர்கள். ஒரு ரொட்டியைச் சம்பலோடு சுற்றி பையில் போடுங்கள், பஸ்ஸிலோ பள்ளியிலோ சாப்பிடட்டும். மூன்றாம் பாடவேளையில் மேசையில் தலையை வைத்துப் படுக்கிற பிள்ளையை எழுப்பிக் கேட்டால் பத்தில் எட்டுத் தடவை வருகிற பதில் "சாப்பிடல சேர்".

லயக்காம்பராவில் எங்கே உட்கார்ந்து படிப்பது?

இடம் இல்லை, உண்மை. ஒரு காம்பரா (அறை), ஒரு இஸ்தோப்பு (முன் திண்ணை), அதில் ஆறு பேர், ஒரு டி.வி. அதனால் இடத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடியுங்கள். ஆறரையிலிருந்து எட்டு வரை டி.வி. இல்லை என்று வீட்டில் பேசி முடிவு எடுங்கள். பாட்டியின் நாடகம் அந்த நேரத்தில் என்றால், பாட்டியிடம் நீங்கள்தான் பேச வேண்டும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. இஸ்தோப்பில் ஒரு பலகையும் ஒரு பல்பும் இருந்தால் போதும். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இன்னும் நல்லது. நாங்கள் நான்கு பேர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து படித்தோம், பூசாரி திட்டிக்கொண்டே விளக்கை அணைக்காமல் விட்டுப் போவார்.

குளிர் நாட்களில் விடியற்காலை எழுப்பிப் படிக்க வைப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. போர்வைக்குள் கொப்பியை வைத்துக்கொண்டு தூங்குகிறதுதான் நடக்கும்.

டியூஷன் போட வேண்டுமா? எல்லாரும் அனுப்புகிறார்களே?

ஆறு, ஏழில் எல்லாப் பாடத்துக்கும் டியூஷன் என்பது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதை. பாடநூல் இலவசமாக வருகிறது. ஒவ்வொரு அலகின் முடிவிலும் பயிற்சி இருக்கிறது. அந்தப் பயிற்சிகளில் பாதியைக்கூடச் செய்யாத பிள்ளையை மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் கொடுத்து வெளியே அனுப்பினால் அங்கேயும் பார்த்து எழுதிக்கொண்டுதான் வரும்.

ஒரு பாடத்தில் கண்ணி அறுந்திருக்கிறது என்று சொன்னேனே, அதற்கு மட்டும், ஆறு மாதத்துக்கு மட்டும், பத்துப் பேருக்கு மேல் இல்லாத வகுப்பு என்றால் அனுப்புங்கள். இருநூறு பேர் உட்காரும் மண்டபத்தில் மைக் பிடித்துப் படிப்பிக்கிற இடத்துக்கு ஆறாம் வகுப்புப் பிள்ளையை அனுப்பிப் பிரயோசனம் இல்லை. பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியரே இல்லை என்றால் விசயம் வேறு, அப்போது டியூஷன் தவிர்க்க முடியாது, ஆனால் கூடவே பெற்றோர் சேர்ந்து அதிபரைப் பாருங்கள், அப்புறம் வலயக் கல்விப் பணிமனைக்குக் கடிதம் எழுதுங்கள். பத்துக் கையெழுத்து இருக்கிற கடிதத்துக்கு ஒரு கனம் உண்டு.

உங்கள் தோட்டத்திலேயே ஏ.எல். முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற அண்ணனோ அக்காவோ இருப்பார்கள், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்துக்கொண்டு விடுமுறைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். பிடித்து உட்கார வையுங்கள். ஒரு வாய்பாட்டைச் சரிசெய்ய அவர்கள் தாராளமாகப் போதும்.

போன் கொடுக்கலாமா?

வீட்டு போனாக இருக்கட்டும், பிள்ளையின் போனாக வேண்டாம். கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் பாடநூல்கள், பாடங்கள் எல்லாம் தமிழில் இருக்கின்றன, பார்க்கலாம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வருவதை நீங்கள் முதலில் கேளுங்கள் அல்லது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவு ஒன்பதுக்குப் பிறகு போன் உங்கள் தலையணைக்கு அடியில். இதற்கு மேல் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, என் வீட்டிலும் இதே சண்டைதான்.

ஆங்கிலம் வரவே மாட்டேன் என்கிறது.

நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ஆங்கிலத்தில் உண்மையான பிரச்சினை எழுத்துக்கூட்டி வாசிப்பது. ஆறாம் வகுப்புப் பாடத்தை மனப்பாடம் செய்ய வைக்காமல் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு நாளைக்கு ஒரு பக்கம் சத்தமாக வாசிக்க வையுங்கள். வெட்கமாக இருக்கிறது என்றால் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வாசிக்கட்டும். பாடசாலையில் ஆங்கில மொழிமூலம் படிக்க விரும்புகிறீர்களா என்று கேட்டால், தமிழில் விஞ்ஞானப் பாடத்தை வாசித்துத் தானாக விளக்கம் சொல்கிற பிள்ளை என்றால் யோசிக்கலாம், மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

சிங்களமும் இப்படித்தான். ஒரு நல்ல செய்தி, நம் பிள்ளைகள் கடையிலும் பஸ்ஸிலும் காதால் நிறையக் கேட்டிருக்கிறார்கள். எழுத்தை மட்டும் பிடித்துவிட்டால் ஓ.எல்.லில் நாமே தெரிவு செய்கிற தொகுதிப் பாடமாக எடுத்து நல்ல புள்ளி வாங்கலாம்.

மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். எத்தனை நாள் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்கலாம்?

ஆறிலிருந்து எட்டுக்குள் நிறையப் பிள்ளைகளுக்கு இது நடக்கிறது, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சடங்கு உங்கள் விருப்பம், நான் அதற்குள் வரவில்லை. ஆனால் ஒரு மாதம், சடங்குக்குக் காசு சேரும்வரை ஒன்றரை மாதம் என்று வீட்டில் வைக்கிறார்கள். ஒன்றரை மாதம் என்பது கிட்டத்தட்ட அரைத் தவணை. திரும்பி வரும்போது விஞ்ஞானத்தில் இரண்டு அலகு போயிருக்கும், பிள்ளைக்குக் கூச்சம் வேறு, கேட்கவும் மாட்டாள். ஒரு வாரத்தில் அனுப்புங்கள், சடங்கை விடுமுறையில் வையுங்கள். வீட்டில் இருக்கிற நாட்களுக்கு ஒரு தோழியின் கொப்பிகளைப் போன் மூலம் படம் பிடித்து வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர் பார்த்துக்கொள்வார்.

ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிறான். அடிக்கலாமா?

என் கதையைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பு, முதல் தவணை, கணிதம் 31. நான் இப்போது கணித ஆசிரியன் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அப்பாவின் கையெழுத்தை நானே போட்டுக்கொண்டு போனேன். அப்பாவுக்குத் தன் பெயரைத் தமிழில் எழுதத் தெரியும், கோணல்மாணலாக, ஒரு எழுத்து மேலே, ஒரு எழுத்து கீழே. நான் போட்டது அழகாக நேர் வரிசையில் இருந்தது. வகுப்பாசிரியர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "உங்க அப்பா கிளாக்கரா?" என்று கேட்டார். மாட்டிக்கொண்டேன்.

அப்பா வந்தார். அரைப் பேரை விட்டுவிட்டு, திருவிழாவுக்கு மட்டும் போடுகிற வெள்ளைச் சட்டையில், அதுவும் முழுக்கைச் சட்டை, வெயிலில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். இன்றைக்குச் செத்தோம் என்று நினைத்தேன். ஆசிரியர் எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்வி: "இவன் எந்த வரிசையில உக்காருறான் சேர்?" நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் இருந்தேன். டவுன் பிள்ளைகள் முதல் நாளே முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள், பஸ் பிந்தி வந்த எனக்கு மிஞ்சியது அந்த இடம்தான். அடுத்த நாளிலிருந்து இரண்டாம் வரிசை. மூன்றாம் தவணையில் கணிதம் 58.

அடிக்காதீர்கள். ரிப்போர்ட் வரும் நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அது வருவதற்கு முன்னாலேயே "எவ்வளவு வந்தாலும் கொண்டுவந்து காட்டு, திட்ட மாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். சொன்ன மாதிரியே திட்டாமலும் இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். அப்புறம் எந்த வரிசையில் உட்காருகிறான் என்று கேளுங்கள். கரும்பலகை தெரிகிறதா என்றும் கேளுங்கள், கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைகள் பலர் தங்களுக்கே தெரியாமல் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஓ.எல். ரொம்பத் தூரம். இப்போதே அதைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டுமா?

சுருக்கமாகத் தெரிந்திருந்தால் போதும். ஒன்பது பாடங்கள். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம், மற்ற மூன்றும் தொகுதிகளிலிருந்து எடுப்பது. 75க்கு மேல் ஏ, 65க்கு மேல் பி, 50க்கு மேல் சி, 35க்கு மேல் எஸ். ஏ.எல்.லுக்குப் போகப் பொதுவாக ஆறு பாடம் சித்தி, அதற்குள் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் இருக்க வேண்டும், மூன்று பாடத்தில் சி வேண்டும். கணிதம் போனால் மற்றதெல்லாம் ஏ எடுத்தும் வாசலில் நிற்கிற பிள்ளைகள் உண்டு. அந்தக் கணிதம் பதினோராம் வகுப்பில் போவதில்லை, ஆறிலும் ஏழிலும் போகிறது, பதினொன்றில்தான் தெரியவருகிறது.

ஓ.எல். தவறினாலும் பள்ளியை விட்டு நிற்கத் தேவையில்லை. 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில் தொழில் பாடங்களோடு தொடரலாம், அது எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று வலயத்தில் கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தில் மலையகத்துப் பிள்ளைகளுக்குத் தனி கோட்டா இருக்கிறதா?

இனத்துக்கென்று கோட்டா இல்லை. பெரும்பாலான துறைகளுக்கு மாவட்டப்படி எடுக்கிறார்கள்: 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை, 55 சதவீதம் மாவட்டங்களுக்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. எனவே கொழும்புப் பிள்ளை எடுக்க வேண்டிய இசட் புள்ளியைவிட (ஏ.எல். முடிவிலிருந்து கணக்கிடும் புள்ளி) கொஞ்சம் குறைவாக எடுத்தும் நம் பிள்ளைகள் உள்ளே போக முடியும். ஆனால் அதே மாவட்டத்தில் நல்ல வசதியான பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளோடும் சேர்ந்துதான் போட்டி.

பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, பள்ளி இடாப்பில் வேறு மாதிரி. பரவாயில்லையா?

பரவாயுண்டு! இப்போதே சரிசெய்யுங்கள். நம் ஆட்களின் சான்றிதழ் பல சிங்களத்தில் எழுதப்பட்டது, அதைத் தமிழுக்கு மாற்றும்போது சிவகுமார் சிவக்குமாராகி, அப்பாவின் பெயர் முன்னுக்குப் பின்னாகி, பிள்ளை வேறு ஆளாகிவிடுகிறது. 15 வயதில் பள்ளி மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஓ.எல். மண்டபத்தில் அதைக் காட்ட வேண்டும். பதினோராம் வகுப்பில் நவம்பர் மாதம் இதற்காகப் பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்து படிப்பைக் கெடுத்துக்கொள்வதைவிட, ஆறில் ஒரு நாள் ஒதுக்குவது எவ்வளவோ மேல். மூலச் சான்றிதழை லாமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

வீட்டில் கஷ்டம். பெரியவனை வேலைக்கு அனுப்பினால் சின்னது இரண்டும் படிக்கும். தப்பா?

16 வயது வரை பிள்ளை பள்ளியில் இருக்க வேண்டும் என்பது சட்டம், 16க்குக் கீழே வேலைக்கு வைப்பதும் குற்றம். கொழும்பில் கடைக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் பிடிக்க வருகிறவர் இதைச் சொல்ல மாட்டார். ஆனால் சட்டம் சொல்லி வயிறு நிறையாது என்பதும் தெரியும். அதனால் முடிவு எடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அதிபரிடமோ வகுப்பாசிரியரிடமோ வந்து உண்மையைச் சொல்லுங்கள். சப்பாத்து, கொப்பி, பள்ளிக்குக் கட்ட வேண்டிய காசு போன்றவற்றுக்குப் பழைய மாணவர்களும் ஊர்ச் சங்கங்களும் உதவுகிறார்கள், யாருக்குத் தேவை என்று எங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். சப்பாத்து இல்லாததால் மூன்று வாரம் வராமல் இருந்து, அப்படியே நின்றுவிட்ட பிள்ளை ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். வயிற்றுவலி என்று கடிதம் வந்தது, நானும் நம்பிவிட்டேன்.

(இது ஒரு மாணவி கேட்டது.) சேர், வகுப்பில் கேள்வி கேட்டால் டவுன் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். கேட்காமலே இருக்கிறேன். என்ன செய்ய?

சிரிப்பார்கள்தான், இரண்டு மாதம். அதற்குப் பிறகு அவர்களுக்கே அலுத்துப் போகும். அதுவரைக்கும் வகுப்பில் கேட்க வேண்டாம். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடு. இடைவேளைக்கு மணி அடித்ததும் கொப்பியோடு ஆசிரியர் அறை வாசலுக்கு வா. உள்ளே வரப் பயம் என்றால் வாசலில் நில், ஜன்னல் பக்க மேசையில் நான் இருப்பேன், நீ வந்ததைப் பார்த்துவிடுவேன். வட்டம் போட்ட இடத்தைக் காட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம்.